சுருள் விண்மீன் மண்டலங்களின் சுழற்சியும் காந்தப் புலமும்

பாலக்காட்டுக் கணவாயின் இரு மருங்கிலும் உயர்ந்து நிற்கும் மலைகளில், ஊர் விளக்குகளின் ஒளி எட்டாத இடங்கள் இன்னும் பல உள்ளன. அட்டப்பாடி, நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் ஆகிய பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் கிழக்கெல்லையிலுள்ள மறையூர், வட்டவடை முதலிய மலையூர்களிலும் பணிபுரிவோர், மார்கழி மாதத்து முன்னிரவில், மேகமற்ற வானத்தின் வடபாகத்தை நோக்குவாராயின், ஆண்ட்ரோமீடா என்னும் விண்மீன் குழுவில் மங்கலான நீள்வட்ட ஒளித்திட்டு ஒன்றைக் காண்பர். அது ஒரு விண்மீன் அன்று; கோடானுகோடி விண்மீன்களும், அவற்றிடையே பரவிய வாயுவும் தூசியும் அடங்கிய ஒரு சுருள் விண்மீன் மண்டலம். அதன் தொலைவு ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுகள். நாம் வாழும் சூரிய குடும்பம் அடங்கிய பால்வீதியும் அத்தகையதொரு சுருள் மண்டலமே.

இவ்வெல்லைப் பகுதிக்கு அண்மையில் இரண்டு சிறந்த வானாராய்ச்சி நிலையங்கள் உள்ளன. வட்டவடைக்குக் கிழக்கே பழனி மலைமீது, 1899 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. அட்டப்பாடிக்கு வடக்கே நீலகிரியில், உதகமண்டலத்தை அடுத்த முத்தோரை என்னுமிடத்தில், 1970 ஆம் ஆண்டில் முடிக்கப்பட்ட ரேடியோத் தொலைநோக்கி இருக்கின்றது. முன்னது சூரியனிலுள்ள காந்தப் புலத்தின் விளைவுகளையும், பின்னது பால்வீதியில் பரவிய வாயுவையும் அறிய உதவியவை. இவ்விரண்டு வகை அறிவும் ஒருங்கே வேண்டப்படும் ஒரு வினாவை இப்பாடம் ஆராய்கின்றது. சுருள் மண்டலங்களின் சுழற்சியைக் காந்தப் புலம் எவ்வளவு தூரம் மாற்றவல்லது என்பதே அவ்வினா.

சுழற்சியில் எழும் புதிர்

சூரியனைச் சுற்றும் கோள்களில், அண்மையிலுள்ளவை விரைவாகவும் தொலைவிலுள்ளவை மெதுவாகவும் செல்லுகின்றன. பூமியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பூமியைப் போல் 30 மடங்கு தொலைவிலுள்ள நெப்டியூனின் வேகம் 5.4 கிலோமீட்டர் மட்டுமே. பொருளின் பெரும்பகுதி மையத்தில் குவிந்திருக்கும்போது, தொலைவு மிக மிக ஈர்ப்பு விசை தளர்வதே இதற்குக் காரணம்.

சுருள் மண்டலங்களிலும் ஒளியின் பெரும்பகுதி மையத்தை ஒட்டியே குவிந்துள்ளது. ஆகவே அவற்றின் வெளிப்புறத்திலும் வேகம் குறைந்து செல்லும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் 1970 ஆம் ஆண்டில் வேரா ரூபின், கென்ட் ஃபோர்டு என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள், ஆண்ட்ரோமீடா மண்டலத்தில் ஒளிவிடும் 67 வாயுத் திரள்களின் நிறமாலையை ஆராய்ந்தபோது, வெளிப்புறத்தில் வேகம் அவ்வாறு வீழ்ச்சியடையக் காணவில்லை. பிறகு ஹைட்ரஜன் அணு வெளியிடும் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையைக் கொண்டு வேறு பல மண்டலங்களும் அளக்கப்பட்டன. ஒளி மங்கி மறையும் எல்லைக்கு அப்பாலும் வாயு ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுழல்வதாகவே அவ்வளவீடுகளும் தெரிவித்தன.

இதற்குப் பெரும்பாலான விஞ்ஞானிகள் கூறும் விடை, கண்ணுக்கும் கருவிக்கும் ஒளியால் புலப்படாத ‘இருட்பொருள்’ மண்டலங்களைச் சூழ்ந்துள்ளது என்பதாகும். ஆயினும் அப்பொருளின் துகள் இதுவரை எந்த ஆய்வுக்கூடத்திலும் ஐயத்திற்கிடமின்றிப் பிடிபடவில்லை. எனவே, ஏற்கெனவே இருப்பதாக அறியப்பட்ட ஒரு விசையே இவ்வேகத்திற்குக் காரணமாகலாமோ என்று கேட்பது முறையேயாகும். அவ்வாறு எண்ணப்பட்ட விசைகளுள் ஒன்று காந்த விசை.

விண்வெளியில் காந்தப் புலம் உண்டு என்பது எவ்வாறு தெரியும்?

நில அளவைப் பணியாளர் கையாளும் திசைகாட்டியின் முள்ளைத் திருப்பும் புவிக் காந்தப் புலம், தென்னிந்தியாவில் ஏறத்தாழ 0.4 காஸ் அளவுடையது. விண்மீன்களிடையே உள்ள புலமோ மைக்ரோகாஸ் கணக்கில், அதாவது ஒரு காஸின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு, அளக்கப்படுவது. 5 மைக்ரோகாஸ் என்பது நம் ஊர்ப் புலத்தின் எண்பதாயிரத்தில் ஒரு பங்கு. இத்துணை மெல்லிய புலம் கண்டறியப்பட்ட வரலாற்றில் ஒரு தமிழரின் பங்கு பெரிது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகர், சில வகை விண்மீன்களின் விளிம்பிலிருந்து வரும் ஒளி ஒரு திசையில் மிகுதியாக அதிர வேண்டுமென 1946 ஆம் ஆண்டில் கணித்துக் கூறினார். இத்தகைய ஒளியை முனைவாக்கம் பெற்ற ஒளி என்பர். அதனைத் தேடப் புகுந்த ஹில்ட்னர் என்பவரும், அவருடன் தொடங்கிப் பின் தனித்து ஆராய்ந்த ஹால் என்பவரும், 1949 ஆம் ஆண்டில் எதிர்பாராத வேறொன்றைக் கண்டனர். விண்மீனிலிருந்து புறப்பட்ட ஒளி, வரும் வழியிலேயே முனைவாக்கம் பெற்றிருந்தது. இடையிலுள்ள நீண்ட தூசித் துகள்கள் காந்தப் புலத்தால் ஒழுங்குபட நிற்பதே அதற்குக் காரணமென்று பின்னர் விளக்கப்பட்டது.

1953 ஆம் ஆண்டில் சந்திரசேகரும் என்ரிகோ ஃபெர்மியும் இச்செய்தியிலிருந்தே சுருள் கரத்திலுள்ள புலத்தின் அளவைக் கணக்கிட்டனர். அவர்கள் கையாண்ட முறை எளிதில் விளங்கக் கூடியது. இறுக இழுத்துக் கட்டிய கம்பி காற்றில் சிறிதே அசையும். தளர்ந்த கம்பி பெரிதும் அசையும். அதுபோல, வலிய காந்தக் கோடுகள் வாயுவின் கொந்தளிப்பால் சிறிதே வளையும். வளைவின் அளவும் வாயுவின் வேகமும் அடர்த்தியும் தெரிந்தால் புலத்தின் வலிமையை அறியலாம். அவ்வாறு கண்ட விடை ஏறத்தாழ 7 மைக்ரோகாஸ். கரத்திலுள்ள வாயுவின் எடையைத் தாங்கத் தேவையான அழுத்தத்தைக் கொண்டு வேறு வழியிற் கண்ட விடை ஏறத்தாழ 6 மைக்ரோகாஸ். பிற்காலத்து ரேடியோ அளவீடுகளும் இவ்வளவினையே ஒட்டி அமைந்துள்ளன. ஆண்ட்ரோமீடாவில் மையத்திலிருந்து ஏறத்தாழ 33,000 ஒளியாண்டு தொலைவில், புலம் ஒரு பெரிய வளையமாகச் சுற்றியுள்ளமை ரேடியோ அலைகளால் அறியப்பட்டது.

கொடைக்கானல் கற்பிக்கும் பாடம்

காந்தப் புலம் இருப்பது வேறு. அது பொருளை நடத்துவது வேறு. இவ்வேறுபாட்டினைச் சூரியனில் தெளிவாகக் காணலாம்.

1908 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹேல் என்பவர் சூரியப் புள்ளிகளில் வலிய காந்தப் புலம் இருப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டு, 1909 ஜனவரியில், கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் இடம் பெயர்ந்திருப்பதைக் கண்டு, புள்ளியின் நடுப்பகுதியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்கின்றதென நிறுவினார். அது இன்றும் ‘எவர்ஷெட் விளைவு’ என்றே உலகெங்கும் வழங்குகின்றது. அவ்வாயு, புள்ளியின் ஓரத்தில் ஏறத்தாழக் கிடையாகச் சாய்ந்து கிடக்கும் காந்தக் கோடுகளை ஒட்டியே பாய்கின்றது.

புள்ளியின் நடுவே 2,500 காஸ் புலம் இருப்பதாகக் கொண்டால், அதன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை இலட்சம் டைன். சூரிய மேற்பரப்பில் வாயுவின் அழுத்தமோ ஓர் இலட்சம் டைன் என்ற அளவினது. அங்கே காந்தம் மிஞ்சி நிற்பதால், வாயு அதன் ஏவலைக் கேட்கின்றது. புள்ளிக்கு வெளியே நிலைமை மாறுகின்றது. சூரியன் நடுக்கோட்டில் ஏறத்தாழ 25 நாளிலும், துருவங்களின் அருகே 30 நாளுக்கு மேற்பட்ட காலத்திலும் ஒரு சுற்றுச் சுற்றுகின்றது. இவ்வேறுபாட்டால் காந்தக் கோடுகளே இழுபட்டுச் சுற்றப்படுகின்றன. அங்கே வாயு நடத்துகின்றது, காந்தம் பின்தொடர்கின்றது.

ஆகவே விதி யாதெனில், காந்தச் சக்தியும் இயக்கச் சக்தியும் ஒப்பிடப்பட வேண்டும். எது மிகுதியோ அது வழிநடத்தும். இவ்வளவுகோலையே சுருள் மண்டலத்திற்கும் பொருத்திப் பார்ப்போம்.

ஓர் எளிய கணக்கு

காந்த விசை மின்னேற்றம் பெற்ற துகள்களையே பற்றும். விண்வெளி வாயுவில் ஒரு பகுதி அயனிகளாகவும் எலெக்ட்ரான்களாகவும் பிரிந்துள்ளது. உதகமண்டலத் தொலைநோக்கி 327 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் அருகே பெற்ற நிறமாலைக் கோடுகள், பால்வீதித் தட்டில் அத்தகைய அயனி வாயு பரவியிருப்பதைக் காட்டின. எஞ்சிய நடுநிலை அணுக்கள் அயனிகளுடன் அடிக்கடி மோதுவதால், அவையும் காந்தக் கோடுகளுடன் ஒட்டியே செல்லுகின்றன. விண்மீன்களோ மிகக் கனத்தவை. இம்மெல்லிய புலத்தால் அவற்றை அசைக்க இயலாது.

பால்வீதியில் சூரியனை ஒட்டிய வாயுவின் சுழற்சி வேகம் வினாடிக்கு 220 கிலோமீட்டர் எனக் கொள்வோம். ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு ஹைட்ரஜன் அணு இருப்பின், அச்சுழற்சியின் இயக்கச் சக்தி கன சென்டிமீட்டருக்கு ஓர் எர்க்கின் 2,500 கோடியில் 10 பங்கு. புலம் 10 மைக்ரோகாஸ் இருப்பதாகத் தாராளமாகக் கொண்டாலும், அதன் சக்தி இதில் நூறில் ஒரு பங்கே. யானையை ஆட்டுக்குட்டி இழுத்துச் செல்லாததுபோல, இப்புலம் அச்சுழற்சியை நடத்தாது.

ஆனால் வாயுவின் கொந்தளிப்பு வேகம் வினாடிக்கு 10 கிலோமீட்டர் அளவினது. அக்கொந்தளிப்பின் சக்திக்குச் சமமான புலத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 4.6 மைக்ரோகாஸ் வருகின்றது. அளவீடுகள் காட்டும் புலமும் இதனை ஒட்டியதே. எனவே விண்வெளிப் புலம் கொந்தளிப்புடன் சரிநிகராக நிற்கின்றது. சுழற்சிக்கு அடங்கி நிற்கின்றது.

இதனையே வேறு வகையாகவும் கூறலாம். காந்தக் கோடுகளின்மீது அலை செல்லும் வேகத்தை, அதனை 1942 ஆம் ஆண்டில் கண்ட ஹான்னஸ் ஆல்வெனின் பெயரால் ‘ஆல்வென் வேகம்’ என்பர். மண்டலத்தின் மையத்தைச் சுற்றி வளையம் வளையமாக அமைந்த, எங்கும் ஒரே அளவான புலம், நீட்டப்பட்ட ரப்பர் வளையம்போல வாயுவை உள்நோக்கி இறுக்கும். அதனால் மிகும் சுழற்சி வேகம், செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் காணும் முறையிலேயே காணப்படும். ஈர்ப்பால் வரும் வேகம் ஒரு பக்கம். ஆல்வென் வேகம் மற்றொரு பக்கம். கர்ணமே மொத்த வேகம். 5 மைக்ரோகாஸ் புலமும் கன சென்டிமீட்டருக்கு ஓர் அணுவும் இருக்குமிடத்தில் ஆல்வென் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். 220 கிலோமீட்டருடன் இதனைச் சேர்த்தால் கிடைக்கும் மிகுதி அரைக் கிலோமீட்டரும் இல்லை.

வெளிவிளிம்பில் எழுந்த ஐயம்

எனினும் கணக்கு இத்துடன் முடியவில்லை. வெளிவிளிம்பில் வாயு மிகவும் நீர்த்துவிடுகின்றது. அடர்த்தி நூறில் ஒரு பங்காகக் குறைந்து, புலம் மட்டும் 5 மைக்ரோகாஸ் அளவிலேயே நிலைத்திருந்தால், ஆல்வென் வேகம் பத்து மடங்காகி 110 கிலோமீட்டரை எட்டும். ஈர்ப்பால் அங்கே 190 கிலோமீட்டர் வேகமே கிடைப்பதாயினும், கர்ணம் ஏறத்தாழ 220 ஆகிவிடும். இருட்பொருள் இன்றியே வேகம் குறையாமல் நிற்பதுபோலத் தோன்றும்.

இவ்வழியிற் சிந்தித்த பட்டனெர் முதலிய ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானிகள், காந்தப் புலமே இச்சுழற்சிக்கு மாற்று விளக்கமாகலாம் என 1992 ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். அக்கருத்து வீண் கற்பனை அன்று. ஏனெனில் வெளிப்புறச் சுழற்சியை அளக்கப் பயன்பட்டவை பெரும்பாலும் வாயுவே. ஆயினும் அதற்கு எதிராகப் பல தடைகள் எழுந்தன.

முதலாவது, புலம் வெளியே செல்லச் செல்ல எவ்வளவு விரைவில் தளர்கின்றது என்பது. தொலைவு இரு மடங்காகும்போது புலம் சரிபாதியாகுமானால், வளையத்தின் இறுக்கமும் புலத்தின் அழுத்தமும் ஒன்றையொன்று ஈடுசெய்து, விசை ஏதும் எஞ்சாது. அதனினும் விரைவாகத் தளருமானால் விசை வெளிநோக்கித் திரும்பிச் சுழற்சியைக் குறைக்கும். ஆகவே புலம் மிக மெதுவாகவே தளர வேண்டும் என்பது இக்கருத்தின் உயிர்நிலை.

இரண்டாவது, சந்திரசேகரும் ஃபெர்மியும் 1953 ஆம் ஆண்டிலேயே காட்டிய ஓர் உண்மை. காந்தப் புலம் ஒரு திசையில் இறுக்கினும், முழுமையாக நோக்கின் அது பொருளை விரியச் செய்யவே முயலும். அதனை அடக்கி வைக்க வேறொரு விசை வேண்டும். வெளிவிளிம்பின் மெல்லிய வாயுவுக்கு அவ்வாற்றல் போதாது. அதனால் வாயுத் தட்டு மேலும் கீழும் பருத்துவிடும்.

மூன்றாவது, விண்மீன்களின் சாட்சியம். 2013 ஆம் ஆண்டில் ஏவப்பட்ட கையா விண்கலத்தின் அளவுகளைப் பயன்படுத்தி, 2019 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, பால்வீதியின் வெளிப்புற விண்மீன்களின் வேகம் தொலைவுடன் மிக மெதுவாகவே குறைகின்றதெனக் காட்டியது. 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகள் கடைவிளிம்பில் சற்று விரைவான குறைவைக் காட்டின. எவ்வாறாயினும், காந்தத்தால் அசைக்கப்படாத விண்மீன்களும் கண்ணுக்குப் புலப்படும் பொருளின் ஈர்ப்பு தருவதினும் விரைவாகவே செல்லுகின்றன.

நான்காவது, ஒளியின் சாட்சியம். தொலைவிலுள்ள மண்டலங்களின் ஒளி, இடையிலுள்ள மண்டலக் கூட்டங்களின் ஈர்ப்பால் வளைகின்றது. அவ்வளைவும் மிகுதியான மறைபொருளையே கோருகின்றது. இம்மெல்லிய காந்தப் புலமோ ஒளியின் பாதையை வளைப்பதில்லை.

இவற்றால், காந்தப் புலம் இருட்பொருளின் இடத்தைக் கைப்பற்ற இயலாதெனப் பெரும்பாலோர் முடிவு செய்தனர். வெளிப்புற வாயுவின் வேகத்தைத் துல்லியமாகக் கணக்கிடும்போது, சிறு திருத்தமாக அது சேர்க்கப்பட வேண்டுமா என்பதே எஞ்சிய வினா.

மெல்லிய புலம் செய்யும் மெதுவான வேலை

சுழற்சியைத் தாங்கும் வலிமை இல்லாத புலத்திற்கு, அதனைப் பங்கிடும் வலிமை உண்டு. இதனை 1959 ஆம் ஆண்டில் ரஷ்ய விஞ்ஞானி வெலிகோவும், 1960 ஆம் ஆண்டில் சந்திரசேகரும் கணித முறையில் காட்டினர். 1991 ஆம் ஆண்டில் பால்பஸ், ஹாலி என்போர் வானியலுக்கு அதன் பயனை உணர்த்தினர்.

அடுத்தடுத்த இரு வட்டங்களில் செல்லும் இரண்டு வாயுத் திரள்களை ஒரு காந்தக் கோடு தளர்ந்த ரப்பர் நாடாபோல இணைப்பதாகக் கொள்க. உள்வட்டத்தில் உள்ளது குறைந்த நேரத்தில் சுற்றுவதால் முந்திச் செல்லும். நாடா அதனைப் பின்னுக்கு இழுக்கும். அதனால் கோண உந்தத்தை இழந்து அது மேலும் உள்ளே சரியும். வெளிவட்டத்தில் உள்ளது முன்னுக்கு இழுக்கப்பட்டு, கோண உந்தத்தைப் பெற்று மேலும் வெளியே செல்லும். இடைவெளி பெருகப் பெருக இழுப்பும் பெருகும். நாடா மிக வலியதாயின் இரண்டையும் ஒன்றாகப் பிணைத்து இவ்விளைவைத் தடுத்துவிடும். மெல்லியதாயிருப்பதே இங்கே வலிமை. விண்மீன்கள் மிகுதியாகப் பிறக்காத வெளிப்புற வாயுவிலும் கொந்தளிப்பு காணப்படுவதற்கு இதுவே காரணமாகலாமென 1999 ஆம் ஆண்டில் கூறப்பட்டது.

இவ்வாறு நீண்டும் முறுகியும் செல்லும் கோடுகளிலிருந்து ஒழுங்கான பெரும் புலம் எவ்வாறு வளர்கின்றது என்பதை ஆராயும் துறையில், புனே நகரின் வானியல் மையத்தைச் சேர்ந்த கந்தசாமி சுப்பிரமணியன், ஆக்சல் பிராண்டன்பர்குடன் இணைந்து 2005 ஆம் ஆண்டில் வெளியிட்ட விரிவான ஆய்வுரை குறிப்பிடத்தக்கது.

பள்ளி மைதானத்தில் ஒரு செயல்முறை

ஆசிரியர்கள் இப்பாடத்தைக் கருவியின்றியே செய்து காட்டலாம். மைதானத்தில் 2, 4, 6 மீட்டர் ஆரமுள்ள மூன்று வட்டங்களைச் சுண்ணாம்புப் பொடியால் வரைக. வட்டத்திற்கொரு மாணவராக மூவரை ஒரே ஆரத்தில் நிறுத்தி, ஒரு நூற்கண்டிலிருந்து தாராளமாக அவிழ்த்துக்கொள்ளக்கூடிய நூலை மூவரும் பற்றுமாறு செய்க. மூவரும் ஒரே வேகத்தில் நடக்கவேண்டும். வெளிவட்டத்தினர் ஒரு சுற்று முடிப்பதற்குள் உள்வட்டத்தினர் மூன்று சுற்று முடித்துவிடுவார். நேராகப் பிடித்த நூல் சுருளாக வளைந்து நீள்வதை அனைவரும் காண்பர். காந்தக் கோடு நீளுந்தோறும் புலம் வலுக்கும் என்பதையும், சுழற்சியே புலத்தை வடிவமைக்கின்றது என்பதையும் இதனால் உணர்த்தலாம். பின்னர் நூலுக்குப் பதிலாக ரப்பர் நாடாவைத் தந்து, அடுத்தடுத்த இரு வட்டத்தினரை நடக்கச் செய்தால், ஒருவர் பின்னுக்கும் மற்றவர் முன்னுக்கும் இழுக்கப்படுவதைக் கையாலேயே உணர்வர்.

முடிவுரை

சூரியப் புள்ளியில் காந்தம் வாயுவை நடத்துகின்றது. சுருள் மண்டலத்தின் உள்தட்டில் சுழற்சி காந்தத்தை நடத்துகின்றது. வெளிவிளிம்பில் இரண்டும் நெருங்கி வருகின்றன. அங்கே முடிவு கூறுவது அளவீட்டின் கடமை. ஒரு புதிய கருத்தை அதன் புதுமைக்காக ஏற்பதும், பழக்கமின்மைக்காகத் தள்ளுவதும் அறிவியல் ஆகா. 1992 ஆம் ஆண்டுக் கருத்து எண்களால் எழுந்து, எண்களாலேயே எல்லை கட்டப்பட்டது. மாணவர் மனத்தில் பதியவேண்டிய செய்தி அதுவே.

பயிற்சி வினாக்கள்

1. புலம் 5 மைக்ரோகாஸிலிருந்து 10 மைக்ரோகாஸாக உயர்ந்தால் அதன் சக்தி எத்தனை மடங்காகும்?

2. ஈர்ப்பால் வரும் வேகம் 200 கிலோமீட்டர், ஆல்வென் வேகம் 50 கிலோமீட்டர் எனின், மொத்தச் சுழற்சி வேகம் யாது?

3. ஆண்ட்ரோமீடாவின் சுழற்சியை வாயுவைக் கொண்டு மட்டுமன்றி விண்மீன்களைக் கொண்டும் அளக்கவேண்டியது ஏன்?